வாடை சாட்சி ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையில், ஒரே இரவில் குடிபோதையில் வண்டி ஓட்டிப் பிடிபட்டவர்களைப் பற்றிய செய்தியும், அடுத்த நாள் அபராதத்தை இன்னும் பல மடங்கு ஏற்ற வேண்டும் என்று ஒரு வாசகர் எழுதிய கடிதமும் படித்தேன். அவர் கோபம் எனக்குப் புரியும். குடித்துவிட்டு கார் ஓட்டி வந்த ஒருவரால் என் தம்பி மகனை நாங்கள் இழந்தோம். ஆனாலும் நான் எழுத வந்தது அபராதத்தைப் பற்றி அல்ல. ஒருவர் குடித்திருந்தார் என்பதை நம் ஊரில் எப்படி நிரூபிக்கிறோம் என்பதைப் பற்றித்தான் எழுத வேண்டும். முப்பத்தோரு வருடம் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக வேலை பார்த்தேன், அதில் பாதிக்கு மேல் கேசுவாலிட்டி என்கிற அவசர சிகிச்சைப் பிரிவில்தான் ஓடியது, இரவு பதினொரு மணிக்கு மேல் போலீஸ் ஜீப் வந்து நின்றால் என்ன கேஸ் என்று இறங்கும்போதே தெரிந்துவிடும். "சிஸ்டர், டி.டி. கேஸ், டாக்டர்ட்ட சொல்லி ஒரு சர்டிபிகேட் போட்டுக் குடுங்க" என்பார்கள். டி.டி. என்றால் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய கேஸ்.

அப்படி வந்த ஒருவரை இன்றும் மறக்க முடியவில்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும், லாரி டிரைவர். இரண்டு காவலர்கள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். கால் நிற்கவில்லை, பேச்சு குழறியது, பெயரைக் கேட்டால் சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னார். சாராய வாடையும் வந்தது. ரோட்டில் மூச்சில் ஆல்கஹாலை அளக்கிற ப்ரீத் அனலைசர் மிஷினை வாயில் வைத்து ஊதச் சொன்னால் ஊத மாட்டேன் என்கிறார் என்று அந்த ஏட்டு எரிச்சலோடு சொன்னார். டாக்டர் வருவதற்குள் நான் நாடி பார்க்கக் கையைப் பிடித்தேன், கை ஜில்லென்று வேர்வையில் நனைந்திருந்தது, சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் வரும் போல இருந்தது. விரலில் குத்தி சர்க்கரை பார்த்தேன். 38. சாதாரணமாக 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை என்போம். ஊசி வழியாக டெக்ஸ்ட்ரோஸ் என்கிற சர்க்கரைத் திரவம் ஏற்றினோம். பத்து நிமிடம் ஆகியிருக்காது, கண்ணைத் திறந்து, "சிஸ்டர், வண்டி எங்க நிக்குது? லோடு இருக்கு" என்று தெளிவாகக் கேட்டார். மாலையில் சர்க்கரை மாத்திரை போட்டிருக்கிறார், லோடு ஏற்றத் தாமதமானதில் ராத்திரி சாப்பாட்டை விட்டுவிட்டார். அவ்வளவுதான். சாராய வாடை வந்தது அவரிடமிருந்து அல்ல, அவரைத் தாங்கிப் பிடித்தபடி கூடவே வந்த கிளீனரிடமிருந்து.

ஊத மாட்டேன் என்று அவர் மறுக்கவில்லை, ஊதச் சொல்வதே அவர் மூளைக்கு எட்டவில்லை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 205-ஆவது பிரிவு, தகுந்த காரணம் இல்லாமல் சோதனைக்கு மறுத்தால் அதையே அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. அன்றைக்கு நேராக ஸ்டேஷனுக்குக் கொண்டு போயிருந்தால், மறுத்தார், தள்ளாடினார், வாடை வந்தது என்று எழுதி முடித்திருப்பார்கள், விடிவதற்குள் அந்த மனிதர் லாக்கப்பில் கோமாவுக்குப் போயிருப்பார். தலையில் அடிபட்டு மூளைக்குள் ரத்தம் கசிகிறவரும் இப்படித்தான் இருப்பார், வாந்தி எடுப்பார், திட்டுவார், தள்ளாடுவார். குடிகாரன் என்று ஓரமாகப் படுக்க வைத்த பெஞ்சில் காலையில் போய்ப் பார்த்தால் உயிர் இருக்காது. கேசுவாலிட்டியில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை சொல்வார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், இதில் சட்டத்தின் மேல் அவ்வளவு குறை சொல்ல முடியாது. 185-ஆவது பிரிவின்படி 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். இங்கிலாந்தில் இந்த வரம்பு 80, நம்முடையது அதைவிட எவ்வளவோ கண்டிப்பானது, அது சரிதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ, மறுபடி மாட்டினால் 15,000 ரூபாய் அபராதமோ இரண்டு வருடம் வரை சிறையோ இரண்டுமோ. கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்று 202-ஆவது பிரிவில் இருக்கிறது. விபத்தில் சிக்கிய டிரைவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலும், அங்குள்ள டாக்டர் தடை சொல்லாவிட்டால் மூச்சுச் சோதனை எடுக்கலாம். ரத்தம் எடுக்க 204-ஆவது பிரிவு. எல்லாம் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆக, சட்டம் கேட்பது ஒரு எண்ணை. ஆனால் டாக்டர்கள் கொடுக்கிற சர்டிபிகேட்டில் எண்ணே இருக்காது. நான் பார்த்த நூற்றுக்கணக்கான சர்டிபிகேட்டுகளில் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வரும்: மது அருந்தியிருக்கிறார், ஆனால் மதுவின் பிடியில் இல்லை. மூச்சில் வாடை உண்டா, பேச்சு எப்படி, நடை எப்படி, கண்மணி விரிந்திருக்கிறதா, மூக்கைத் தொடச் சொன்னால் விரல் சரியாகப் போகிறதா, இவ்வளவையும் ஐந்து நிமிடத்தில் பார்த்து எழுதுவார்கள். பின்னால் மாரடைப்பு கேஸ் ஒன்று ஸ்ட்ரெச்சரில் காத்திருக்கும். டாக்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த வரியை வைத்துக்கொண்டு நீதிமன்றம் என்ன செய்ய முடியும்? 30-க்கு மேலா கீழா என்று அது சொல்லவே இல்லையே. பம்பாயில் நடந்த ஒரு விபத்து வழக்கில், பச்சுபாய் ஹசனல்லி கரியானி வழக்கு என்பார்கள், உச்ச நீதிமன்றம் 1971-லேயே இதைச் சொல்லிவிட்டது: வாடை, தள்ளாட்டம், குழறல், விரிந்த கண்மணி, இதையெல்லாம் மட்டும் வைத்து ஒருவர் குடித்திருந்தார் என்ற முடிவுக்கு வர முடியாது, ரத்தமோ சிறுநீரோ பரிசோதித்திருக்க வேண்டும். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, பாட்னா உயர் நீதிமன்றம் 2025-லும் அதே தீர்ப்பைத்தான் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. நாம் இன்னும் மூக்கைத்தான் நம்புகிறோம்.

சரி, மிஷின் வந்துவிட்டதே, எண் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது. ஆனால் அந்த மிஷின் ரத்தத்தைத் தொடுவதில்லை. நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் மூச்சில் உள்ள ஆல்கஹாலை அளந்து, ரத்தத்தில் அதைப்போல் 2,100 மடங்கு இருக்கும் என்ற ஒரு சராசரிக் கணக்கை வைத்துப் பெருக்கிக் காட்டுகிறது. எல்லோருக்கும் 2,100 இருக்காது, ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கும் நேரத்துக்கு நேரம் மாறும். உடம்புச் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காட்டுகிற எண் ஆறு ஏழு சதவீதம் கூடும். 90, 100 என்று காட்டுகிற ஆளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் 31, 33 என்று வருகிறவருக்கு அந்த ஏழு சதவீதத்தில்தான் பத்தாயிரம் ரூபாய் தொங்குகிறது, லைசென்ஸ் தொங்குகிறது.

வாய் விஷயம் இதைவிடப் பெரியது. இருமல் டானிக், வாய் கொப்பளிக்கும் திரவம், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அரிஷ்டம், இதில் எதைக் குடித்தாலும் கொஞ்ச நேரம் வாய்க்குள்ளேயே ஆல்கஹால் தங்கியிருக்கும். தசமூலாரிஷ்டத்தில் புளித்து உண்டான ஆல்கஹால் இருக்கிறது என்று பாட்டிலிலேயே போட்டிருப்பார்கள், பிள்ளை பெற்றவர்களுக்கு நாமே வாங்கிக் கொடுக்கிற மருந்துதான் அது. கேரளத்தில் பந்தளம் பணிமனையில் 2025-ல் பலாச்சுளை தின்ற அரசு பஸ் டிரைவர்களுக்கு மிஷின் குடித்ததாகக் காட்டிய செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள். இதற்கு மருந்து ரொம்ப எளிது. பதினைந்து நிமிடம் காத்திருந்து மறுபடி ஊதச் சொன்னால் போதும், வாயில் ஒட்டியிருந்தது மறைந்துவிடும், ரத்தத்தில் இருப்பது மறையாது.

விமானிகளுக்கு இந்த நாட்டிலேயே இப்படித்தான் செய்கிறோம். முதல் சோதனையில் பாசிட்டிவ் வந்தால், வாயைக் கொப்பளித்துக்கொள்ள விட்டு, பதினைந்து இருபது நிமிடம் கழித்து இரண்டாவது சோதனை. அதற்கு முன் மிஷின் சும்மா இருக்கும்போது 0.000 காட்டுகிறதா என்று பார்த்தாக வேண்டும். கேரள உயர் நீதிமன்றமும் இப்படி வெறும் காற்றில் பூஜ்யம் காட்டாத மிஷினின் முடிவை நம்ப முடியாது என்று சொல்லியிருக்கிறது. விமானிக்குக் கிடைக்கிற அந்தப் பதினைந்து நிமிடம் ஒரு ஷேர் ஆட்டோ டிரைவருக்கு ஏன் கிடைக்கக் கூடாது? பத்தாயிரம் ரூபாய் அவருக்கு ஒரு மாத வீட்டுச் செலவு.

மிஷினைச் சரிபார்க்கிற வேலையைச் சின்னதாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், மிஷின்களைச் சரிபார்க்கிற பொறுப்பில் இருந்த ஒரு போலீஸ் அதிகாரி, வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டிய ஒரு படியைச் செய்யாமலே செய்ததாக எழுதிவிட்டார் என்று தெரிய வந்தது. 2018-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அந்த மிஷின்களின் சோதனை முடிவுகளை ஏற்க மறுத்தபோது பாதிக்கப்பட்ட சோதனைகளின் எண்ணிக்கை 20,667. அதில் நிஜமாகவே குடித்து ஓட்டியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! எனக்கு அதுதான் ஆறவில்லை. அஜாக்கிரதையாக எடுத்த ஆதாரத்தால் அப்பாவி மாட்டுவது ஒரு பக்கம் என்றால், குற்றவாளி கையை வீசிக்கொண்டு வெளியே போவது இன்னொரு பக்கம்.

எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். 2016-ல், மில்லில் இரண்டாவது ஷிப்ட் முடித்து பைக்கில் வந்துகொண்டிருந்தான் என் தம்பி மகன். ஹெல்மெட் போட்டிருந்தான். எதிரே தப்பான பக்கத்தில் வந்த கார் மோதியது. மணி பத்தரை. கார் ஓட்டியவருக்கு நெற்றியில் நாலு தையல், ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்துவிட்டார். காருக்குள் பாட்டில் கிடந்ததை அங்கே கூடியவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் மூச்சுச் சோதனை நடக்கவில்லை. ரத்தம் எடுக்கும்போது விடிகாலை நாலரை. தடய அறிவியல் ஆய்வகத்திலிருந்து ரிப்போர்ட் வர மாதங்கள் ஆயின, வந்தபோது அதில் இருந்த எண் 24.

என் தம்பி அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "அக்கா, முப்பதுக்கு ஆறுதானே குறைச்சல்?" என்று கேட்டான். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் உள்ள ஆல்கஹாலை உடம்பு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் கரைக்கும், ஆளைப் பொறுத்து 10-லிருந்து 20 வரை போகும். ஆறு மணி நேரம் போயிருக்கிறது. 10 என்று வைத்தால் 84, 15 என்று வைத்தால் 114. கடைசியாக எப்போது குடித்தார் என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் ஆகும், ஆனால் மோதிய நேரத்தில் அவர் 30-க்குள் இருந்தார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. இந்தக் கணக்கை நீதிமன்றத்தில் சொல்ல ஒரு நிபுணரையும் யாரும் அழைக்கவில்லை. அதோடு அப்போதைய 185-ஆவது பிரிவு ப்ரீத் அனலைசரில் தெரிகிற அளவை மட்டும்தான் பேசியது, ரத்தப் பரிசோதனையைச் சொல்லவே இல்லை. ஆய்வகச் சோதனையும் செல்லும் என்ற வார்த்தைகள் 2019-ல்தான் உள்ளே வந்தன. குடிபோதைப் பிரிவு போயிற்று, அஜாக்கிரதை வழக்கு மட்டும் சில வருடம் நடந்து, சந்தேகத்தின் பலன் என்று விடுதலையில் முடிந்தது.

ரத்தம் எடுத்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வேலையைச் செய்தவள் நான். ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது எங்கள் கைக்கு அனிச்சையாக வருகிற பழக்கம். ஆல்கஹால் பரிசோதனைக்கு எடுக்கும்போது அது கூடாது, சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட் கலக்காத மருந்திலோ துடைக்க வேண்டும். சோடியம் ஃபுளோரைடு போட்ட ட்யூபில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வைத்திருக்கும் நாட்களில் கிருமிகள் சர்க்கரையைப் புளிக்கச் செய்து இல்லாத ஆல்கஹாலையும் உண்டாக்கும், இருப்பதையும் தின்றுவிடும். சீல், லேபிள், நேரம், எடுத்தவர் கையெழுத்து, கொண்டு போனவர் கையெழுத்து. இதில் ஒன்று விட்டாலும் குறுக்கு விசாரணையில் அந்த ட்யூப் வெறும் ட்யூப்தான். நடிகர் சல்மான் கானின் 2002 விபத்து வழக்கில் ரத்தத்தில் 62 மில்லிகிராம் என்று ரிப்போர்ட் இருந்தது, ஆனால் 2015-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தபோது, ரத்த மாதிரியை எடுத்து, வைத்து, அனுப்பிய விதத்தில் இருந்த ஓட்டைகளையும் சுட்டிக் காட்டியது. 2024-ல் புனேயில் ஒரு சிறுவன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு பேர் இறந்த வழக்கில், ரத்த மாதிரியையே மாற்றிவிட்டார்கள் என்பது போலீஸ் தரப்புக் குற்றச்சாட்டு, அதில் டாக்டர்களே கைதானார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கையான முரணும் இருக்கிறது, வேடிக்கை என்று சொல்லவே மனம் கசக்கிறது. இன்சூரன்ஸ் வழக்குகளில் இவ்வளவு ஆதாரம் வேண்டாம். டெல்லியில் 2007-ல் நொறுங்கிய ஒரு கார் பற்றிய வழக்கில், மூச்சுச் சோதனையும் இல்லை, ரத்தச் சோதனையும் இல்லை, ஆனாலும் வாடையையும் மற்ற சூழ்நிலைகளையும் வைத்து ஓட்டியவர் போதையில் இருந்தார் என்று முடிவு செய்யலாம் என உச்ச நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்து, இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை என்றது. சிவில் வழக்குக்கும் கிரிமினல் வழக்குக்கும் நிரூபணத்தின் அளவு வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனால் சரியான நேரத்தில் ஒரு தடவை ஊத வைத்திருந்தால் இந்தக் குழப்பத்துக்கே வேலை இல்லை.

அப்புறம் இன்னொரு விஷயம். மத்திய அரசின் 2022 சாலை விபத்து அறிக்கையில் விபத்துகள் 4,61,312, இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் குடிபோதையால் என்று பதிவானது இரண்டு சதவீதம் அளவுதான். கேசுவாலிட்டியில் சனிக்கிழமை இரவு ஒரே ஒரு முறை நின்றவர்கள் இந்த எண்ணை நம்ப மாட்டார்கள். சோதித்தால்தானே பதிவாகும்? சோதிக்காத விபத்தெல்லாம் அதிவேகம் என்ற கணக்கில் போய்விடுகிறது. போதைப் பொருள் என்றால் இன்னும் மோசம். 185-ஆவது பிரிவில் அதுவும் இருக்கிறது, ஆனால் அதற்கு எண் வரம்பே கிடையாது, வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் இருந்தார் என்று காட்ட வேண்டும். அந்த நிலையை எழுத நம்மிடம் இருப்பது அதே ஐந்து நிமிட சர்டிபிகேட்தான்.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் எதுவும் இல்லை. ஊதச் சொல்வதற்கு முன் மிஷின் பூஜ்யம் காட்டுவதை ஓட்டுநர் கண் முன்னால் காட்டட்டும், அந்தச் சீட்டையும் அச்சடித்துக் கொடுக்கட்டும். 30-க்கு மேல் வந்தால் பதினைந்து நிமிடம் உட்கார வைத்து இன்னொரு தடவை. மிஷினைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்ற தேதியைக் கேட்டால் காட்டட்டும். தடுமாறுகிற யாரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டு போகும் முன் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கட்டும், அந்தக் கருவி இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறது, ரோந்து வண்டியில் ஒன்று இருந்தால் என்ன? உயிர்ப்பலி ஆன ஒவ்வொரு விபத்திலும் ஓட்டியவர் யாராக இருந்தாலும், தனியார் மருத்துவமனையில் இருந்தாலும், இரண்டு மணி நேரத்துக்குள் மூச்சோ ரத்தமோ எடுத்தே தீர வேண்டும் என்று மாநிலக் காவல்துறை ஒரு உத்தரவு போடட்டும். கேசுவாலிட்டிகளில் இதற்கென்று சீல் வைத்த ஒரு பெட்டி, அதற்குள் சரியான ட்யூப், ஸ்பிரிட் இல்லாத பஞ்சு, நேரம் எழுதும் படிவம், இவ்வளவு போதும். எங்களுக்கும் ஒரு நாள் பயிற்சி கொடுங்கள், எனக்கு முப்பத்தோரு வருடத்தில் யாரும் கொடுக்கவில்லை, ஒரு சீனியர் அக்கா சொல்லித்தான் ஸ்பிரிட் விஷயமே தெரியும்.

இப்படியெல்லாம் நிபந்தனை போட்டால் குடிகாரர்கள் தப்பிவிடுவார்கள் என்று சிலர் சொல்வார்கள். 2016-ல் எங்களுக்கு இந்த நிபந்தனைகளில் ஒன்றாவது நடந்திருந்தால் அந்தக் காகிதத்தில் 24 என்று இருந்திருக்காது. நடுரோட்டில் மழையிலும் வெயிலிலும் நின்று சோதனை செய்கிற காவலர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, அவர்கள் இரவெல்லாம் உழைத்துப் பிடித்த கேஸ் ஒரு கையெழுத்து இல்லாமல் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்த லாரி டிரைவர் இரண்டு மாதம் கழித்து அதே வழியில் லோடு கொண்டு போகும்போது வண்டியை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். சட்டைப் பையைத் திறந்து, இப்போது எப்போதும் வைத்திருக்கிறேன் சிஸ்டர் என்று நாலு கடலை மிட்டாயைக் காட்டினார். என் தம்பி வீட்டு பீரோவில் அந்த ரிப்போர்ட் இன்னும் இருக்கிறது. உங்கள் பத்திரிகை இந்தக் கடிதத்தை வெளியிட்டு, நம் மாவட்டத்தில் எத்தனை மிஷின் இருக்கிறது, கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், போன வருடம் உயிர்ப்பலி விபத்துகளில் எத்தனை டிரைவர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் சோதனை நடந்தது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு எழுதினால் நன்றியோடு இருப்பேன். நானும் ஒரு மனு போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
விருதுநகர் மாவட்டம்.